பாலாறும் செய்யாறும் கடந்து: சின்ன காஞ்சிபுரத்திலிருந்து இருவருக்கான ஒருநாள் மோட்டார் சைக்கிள் பயணம்

சின்ன காஞ்சிபுரம் என்பது காஞ்சி நகரின் தென்கிழக்கில், அத்திகிரி எனப்படும் வரதராசப் பெருமாள் கோயிலைச் சூழ்ந்து அமைந்த பகுதியாகும். விஷ்ணு காஞ்சி என்னும் பெயரும் இதற்கு உண்டு. கோயிலைக் கண்டு, பட்டு வாங்கி, மாலையிலேயே ஊர் திரும்பும் பயணிகளில் பெரும்பாலோர், இந்நகரை நூற்றாண்டுகளாக உணவூட்டி வளர்த்த ஏரிநாடு தெற்கே பாலாற்றுக்கு அப்பால் விரிந்து கிடப்பதை அறியாமலே செல்கின்றனர். அந்நாட்டைக் காண்பதற்குப் பேருந்து போதாது, மகிழுந்தோ ஊர்ச்சாலைகளின் குறுகிய வளைவுகளில் இடைஞ்சலாகிவிடுகிறது. இருவர் ஒரு மோட்டார் சைக்கிளில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, செங்கல்பட்டு ஆகிய மூன்று மாவட்டங்களைத் தொட்டு இரவு எட்டு மணிக்குள் திரும்பக்கூடிய, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்று இங்கே விளக்கப்படுகிறது.

புறப்படுமுன் ஒரு சொற்குறிப்பு தேவைப்படுகிறது. இந்நிலப்பகுதியில் ஏரி எனப்படுவது இயற்கையாக அமைந்த நீர்நிலை அன்று. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, மழைநீரையும் ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய்களின் நீரையும் தேக்கிவைக்கும் அமைப்பு ஆகும். நீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். வயலுக்கு நீரைத் திறந்துவிடும் வாயில் மதகு. ஏரி நிரம்பியபின் மிகுநீர் வழிந்தோடும் கற்கட்டு கலங்கல். ஓர் ஏரியின் நீரால் பயிராகும் நிலப்பரப்பு ஆயக்கட்டு. இந்த நான்கு சொற்களையும் அறிந்த பயணிக்குச் சாலையின் போக்கு தானாகவே புரியத் தொடங்கும். ஏனெனில் இங்குள்ள ஊர்ச்சாலைகள் பலவும் கரையை ஒட்டி வளைந்து, கலங்கலைச் சுற்றி விலகி, ஆயக்கட்டின் மேட்டு விளிம்பில் அமைந்த ஊரைச் சென்றடைகின்றன. நேர்கோட்டில் போகவேண்டிய சாலை காரணமின்றி வளைவதுபோல் தோன்றும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ஏரிக்கரை இருக்கும்.

வண்டியும் காலமும்

இப்பயணத்துக்குப் பெரிய வண்டி தேவையில்லை. 1955இல் சென்னையில் தொடங்கப்பட்டுத் திருவொற்றியூரில் புல்லட்டுகளைச் செய்துவந்த என்ஃபீல்டு நிறுவனத்தின் புதிய ஆலைகள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இயங்குவதால், புல்லட்டில் செல்வதை உள்ளூர்ப் பற்று என்று சொல்லிக்கொள்ள விரும்புவோர் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஏரிக்கரை மண்பாதையில் வண்டியைத் திருப்ப வேண்டிய தருணத்தில் 110 அல்லது 125 சிசி வண்டியே கைக்கு அடங்கும். இந்த ஊர்களின் உழவரும் நெசவாளரும் நெல்மூட்டையையும் பாவுச் சுருளையும் ஏற்றிச்செல்வது டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில்தான் என்பது இவ்விவாதத்தை முடித்துவைக்கப் போதுமானது.

ஓட்டுநரும் பின்னிருக்கையில் அமர்பவரும் ஆகிய இருவருமே தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். பின்னிருக்கையில் இருப்பவருக்கு வேறொரு பணியும் உண்டு: வழி பார்ப்பதும் வழி கேட்பதும் அவர் பொறுப்பு. கைப்பேசி வரைபடம் வண்டித்தடத்தையும் தார்ச்சாலையையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லையாதலால், ஒவ்வொரு கூட்ரோட்டிலும், அதாவது கிளைச்சாலை பிரியும் கூட்டுச்சாலையிலும், தேநீர்க் கடையில் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். உத்திரமேரூரில் ஓட்டுநரும் வழிகாட்டியும் இடம் மாறிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி முடிய உள்ள காலம் மிகப் பொருத்தமானது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகள் அப்போது நீரோடு இருக்கும், பறவைகளும் வந்திருக்கும். மார்கழிக் காலையில் பனி மூட்டம் பாலாற்றுப் படுகையில் ஏழரை மணிவரை கலைவதில்லையாகையால் முகப்பு விளக்கை எரியவிட்டுச் செல்ல வேண்டும். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும், மறு பாதியில் வைக்கோல் பரந்திருக்கும். வைக்கோலின்மேல் திடீரெனத் தடை போடுவது வழுக்கலுக்கு வழிவகுக்கும். மழை மாதங்களில் கலங்கல் நீர் குறுக்கே ஓடும் தரைப்பாலங்களில் பாசி படர்ந்திருக்குமாதலால், நீரின் ஆழத்தை ஊரார் சொல்லக் கேட்ட பின்பே வண்டியை இறக்க வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் காலைப்பொழுது

கோயில் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கும் என்பதால், வரதரை வணங்க விரும்புவோர் அதிகாலையிலேயே சென்றுவிட வேண்டும். இந்நாட்டுக் கோயில்கள் பலவற்றுக்கும் இதுவே நடைமுறை. விசயநகரக் காலத்து நூற்றுக்கால் மண்டபத்தில் உண்மையில் இருப்பவை 96 தூண்கள். அவற்றில் பாயும் குதிரைமேல் அமர்ந்த வீரர்களும், கூரை மூலையில் ஒரே கல்லில் குடைந்தெடுத்த கல்சங்கிலியும் காண்பதற்குரியவை. அருகில் உள்ள அனந்தசரசு குளத்தின் நீரடியில் அத்திமர வரதர் உருவம் கிடத்தப்பட்டுள்ளது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்பெறும் அவ்வுருவம் இறுதியாக 2019இல் 48 நாள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டது. கோயிலின் இட்லி தனியாகக் குறிப்பிடத்தக்கது: மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்த மாவை, மந்தாரை இலை பரப்பிய குடலையில், அதாவது மூங்கிற்கூடையில், ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைப்பதால் இது குடலை இட்லி எனப்படுகிறது, நகரின் சில உணவகங்களிலும் காலையில் கிடைக்கிறது.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறியின் ஒலி கேட்கும் வீடுகள் இன்னும் உள்ளன, ஆயினும் முன்பிருந்த அளவுக்கு இல்லை. காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு, அதாவது நெசவின் நெடுக்கிழைத் தொகுதி, இழுத்துக் கட்டப்பட்டிருந்தால், அதன் இருபுறமும் நின்று அறுந்த இழையைச் சேர்க்கும் வேலையைத் தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும். வண்டியை அதன் அருகே ஓட்டுவது முறையன்று. காஞ்சிப் பட்டுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தனித்தன்மையான கோர்வை நெசவில் உடலும் கரையும் வெவ்வேறு நிற ஊடையால், அதாவது குறுக்கிழையால், நெய்யப்பட்டு ஒவ்வொரு வரியிலும் பின்னிக்கொள்கின்றன; மூன்று நாடாக்கள், அதாவது ஊடையைச் செலுத்தும் கருவிகள், ஓடவேண்டியிருப்பதால் தறியில் நெசவாளருடன் உதவியாளர் ஒருவரும் அமர வேண்டும். முன்னாள் முதலமைச்சர் சி. என். அண்ணாதுரை 1909இல் பிறந்தது சின்ன காஞ்சிபுரத்தின் நெசவாளர் குடும்பம் ஒன்றில்தான். அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. எட்டு மணிக்குமுன் நகரை விட்டு வெளியேற வேண்டியிருப்பதால் பட்டுக் கடைகளை மறுநாளுக்கு ஒதுக்குவதே தகும்.

பாலாற்றுக்குத் தெற்கே

எரிபொருளை நகரிலேயே நிரப்பிக்கொண்டு, வந்தவாசிச் சாலையில் செவிலிமேடு வழியாகப் பாலாற்றுப் பாலத்தை அடையலாம். செவிலிமேட்டில், இராமானுசர் நாள்தோறும் வரதருக்கு நீர் சுமந்துவந்ததாக வைணவ மரபு கூறும் சாலைக் கிணறு உள்ளது. கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே காட்சியளிக்கும், நீரோ மணலின் அடியில் ஊற்றாக ஓடும். 2021 நவம்பரைப் போன்ற பெருமழையில் மட்டுமே கரை தொட்டுப் பாய்கிறது. பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாமல், கடந்தபின் ஓரமாக நிறுத்திப் பார்ப்பது பாதுகாப்பானது.

பாலத்துக்கு அப்பால் முதலில் செல்லவேண்டிய ஊர் ஐயங்கார்குளம். விசயநகரக் காலத்தில் வரதர் கோயில் நிருவாகத்தில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த இலட்சுமிகுமார தாதாசாரியாருடன் தொடர்புடைய பெரிய ஏரியும் சஞ்சீவிராயர் எனப்படும் அனுமன் கோயிலும் இங்கு உள்ளன. அவற்றைவிட வியப்பளிப்பது நடவாவி. வாவி என்பது கிணறு அல்லது குளம். நடந்து இறங்கிச் செல்லக்கூடிய வாவி நடவாவி. தரைமட்டத்தில் நிற்கும் தோரண வாயிலிலிருந்து படிகளில் இறங்கினால், நிலத்தடியில் தூண்களால் ஆன மண்டபமும் அதன் நடுவே கிணறும் அமைந்திருப்பதைக் காணலாம். ஆண்டின் பல மாதங்களில் இம்மண்டபம் நீரில் மூழ்கியிருப்பதால் மேற்படிகள் மட்டுமே தெரியும். சித்திரைப் பௌர்ணமியன்று நீர் இறைக்கப்பட்டு, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரதர் எழுந்தருளி இம்மண்டபத்துக்குள் வலம் வருகிறார். அந்நாளில் கூட்டத்தினூடே வண்டியில் செல்ல இயலாது, ஆனால் நடந்து செல்ல மனமிருப்போர் தேர்ந்துகொள்ளத்தக்க நாள் அதுவே.

தூசி என்னும் ஊருக்கு அருகே பிரதான சாலையிலிருந்து விலகியிருக்கும் குரங்கணில்முட்டம், பெயரிலேயே தன் தலபுராணத்தைக் கொண்டது: குரங்கும் அணிலும் முட்டம் என்னும் காக்கையும் வழிபட்ட இடம் என்பது மரபு, சம்பந்தரின் தேவாரமும் பெற்றது. சிவன் கோயிலுக்கு அருகில் உள்ள கல்மண்டகம் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து உருவாக்கிய கோயில். பாறை தரையிலிருந்து அதிகம் உயராத ஒன்றாக இருந்தமையால், சிற்பிகள் முன்புறத்தைப் பள்ளமாக வெட்டி உயரத்தை உண்டாக்கிக்கொண்டனர். ஆகவே பயணி கீழே இறங்கித்தான் முகப்பைக் காண வேண்டும். வாயிற்காவலர் உருவங்கள் மாமல்லபுரத்துச் சிற்பங்களின் நளினத்தை எட்டாதவை, ஆயினும் கனத்த தண்டின்மேல் கையூன்றி நிற்கும் அவற்றின் உறுதிப்பாடு தொடக்கக்காலப் பல்லவக் கலையை அறிய விரும்புவோருக்கு மிகவும் பயனுடையது.

அடுத்த நிறுத்தமான மாமண்டூரே இப்பாதையின் மிக அழகிய பகுதி. சிறு குன்றின் கிழக்குச் சரிவில் நான்கு குடைவரைகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் ஒன்றில் உள்ள சிதைந்த வடமொழிக் கல்வெட்டு, மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் அங்கத நாடகத்தைக் குறிப்பிடுவதால் நாடக வரலாற்றிலும் இடம்பெறுகிறது. மற்றொன்று முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உருத்திரவாலீச்சுரம் என்று வழங்கப்பட்டது. குன்றை ஒட்டிப் பரந்துள்ள தூசி-மாமண்டூர் ஏரிக்குச் சித்திரமேகத் தடாகம் என்பது பழம்பெயர். மகேந்திரவர்மனின் காலத்தது என்று கருதப்படுகிறது. குடைவரையும் ஏரியும் அருகருகே அமைந்திருப்பது தற்செயலன்று என்பதை இவ்விடத்தில் நின்று பார்ப்போர் எளிதில் உணர்வர்: பாறையைக் குடையக் கற்ற அரசே நீரைத் தேக்கவும் கற்றிருந்தது, பின்னதன் பயனை ஆயக்கட்டு உழவர் இன்றும் பெறுகின்றனர். ஏரிக்கரையில் சிறிது தொலைவு வண்டி செல்லும். மழைக்குப்பின் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளுமாதலால் அப்போது நடப்பதே நல்லது. இங்கு ஒரு மணிநேரத்துக்குக் குறையாமல் செலவிட வேண்டும். நிழலும் காற்றும் உண்டு, கடைகள் இல்லை. குடிநீரைக் கையோடு கொண்டுவர வேண்டும். பிறர் விட்டுச்சென்ற கண்ணாடிச் சில்லுகள் கிடப்பதால் பாறைமேல் வெறுங்காலுடன் ஏறலாகாது.

தெற்கே தொடரும் சாலை பெருநகரில் செய்யாற்றைக் கடக்கிறது. இங்குள்ள பிரமபுரீசுவரர் கோயிலின் தைப்பூச விழாவில் சுற்றுவட்டார ஊர்களின் தெய்வங்கள் ஆற்றுமணலில் ஒருங்கே எழுந்தருளுகின்றன. பெருநகரிலிருந்தோ மானாம்பதியிலிருந்தோ கிழக்கே பிரியும் கிளைச்சாலைகள் உத்திரமேரூரை அடைகின்றன. கரும்பும் நெல்லும் மாறிமாறி வரும் இந்தப் பகுதியில் வேகத்தைக் குறைத்தே செல்ல வேண்டும், வெள்ளைக் கோடு போடாத வேகத்தடைகள் ஒவ்வோர் ஊர் முகப்பிலும் உள்ளன. குடைவரைகளில் ஆர்வமில்லாதோர் காஞ்சியிலிருந்து ஓரிக்கை, களக்காட்டூர், ஆர்ப்பாக்கம், மாகறல், திருப்புலிவனம் வழியாக ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் நேராக உத்திரமேரூர் சேரலாம்; ஆனால் செய்யாற்றில் வெள்ளம் வரும் நாள்களில் வெங்கச்சேரி அருகே அவ்வழி அடைபடுவது உண்டு.

உத்திரமேரூர்

நண்பகலில் இங்கு வந்து சேர்வதில் ஒரு நன்மை உண்டு: வைகுண்டப் பெருமாள் கோயிலில் காணவேண்டியது கருவறை அன்று, சுவர்க் கல்வெட்டுகளே, அவற்றுக்கு நடை திறந்திருக்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது பொ.ஆ. 919, 921ஆம் ஆண்டுகளில், இவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே பொறித்துவைத்தது. வாரியம் என்பது குறிப்பிட்ட பணியைக் கவனிக்கும் குழு. ஊர் 30 குடும்புகளாக, அதாவது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். குடவோலை என்ற பெயர் இதனால் வந்தது. இரண்டாவது கல்வெட்டின்படி உறுப்பினர் 35 முதல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும், கால்வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராகவும், வேதம் கற்றவராகவும் இருக்க வேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். கழுதைமேல் ஏற்றப்பட்டவர்களும், அதாவது அவ்வாறு பொதுவில் தண்டிக்கப்பட்டவர்களும், விலக்கப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். இதை மக்களாட்சியின் பிறப்பிடம் என்று மேடைகளில் கூறுவது மிகை: பெண்களும் நிலமற்றோரும் பிறப்பால் விலக்கப்பட்டோரும் இதில் இடம்பெறவில்லை, நடந்தது வாக்கெடுப்பன்று, குலுக்கலே. ஆயினும் கணக்குக் காட்டாதவர் குடும்பமே மீண்டும் பதவிக்கு வரலாகாது என்னும் விதி, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் படிப்பவரைச் சற்றே நிமிர்ந்து உட்காரச் செய்கிறது.

வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஆறு உறுப்பினரைக் கொண்ட அது ஏரியைத் தூர்வாருவதையும் கரையைக் காப்பதையும் கவனித்தது. கல்வெட்டுகள் வைரமேகத் தடாகம் என்று குறிக்கும் அந்த ஏரி, பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரைத் தாங்கியது. ஊரை ஒட்டி இன்றும் உள்ளது. கல்வெட்டைப் படித்தபின் ஏரிக்கரைக்கு ஒருமுறை சென்றுவராத பயணம் பாதிப் பயணமே. மூன்று நிலைகளில் பெருமாளைக் காட்டும் சுந்தரவரதர் கோயிலின் விமானத்தை நடை சாத்தியிருந்தால் வெளியிலிருந்து பார்க்கலாம். பேருந்து நிலையச் சுற்றில் சாப்பாட்டுக் கடைகளும் பஞ்சர் கடைகளும் உண்டு. இதற்குப்பின் மாலைவரை இரண்டும் எளிதில் கிட்டா.

பருவம் முடிவு செய்யும் பாதை

உத்திரமேரூரிலிருந்து எங்கே செல்வது என்பதை மாதமே முடிவு செய்ய வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை எனில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேடந்தாங்கல். சுமார் 30 எக்டர் பரப்பே உள்ள இச்சிறு ஏரியில், நீருக்குள் நிற்கும் கடம்ப, கருவேல மரங்களின்மேல் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் ஆகியவை கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார் அவற்றைத் தலைமுறைகளாகக் காத்துவருகின்றனர். வெள்ளையர் படையினர் பறவைகளைச் சுட்டபோது, 1798இல் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டுக் காப்புரிமை பெற்றனர் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. 2022இல் இது ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இரைதேடச் சென்ற பறவைகள் திரும்பும் மாலை நான்கு முதல் ஐந்தரை வரையுள்ள நேரமே சிறந்தது. சரணாலயத்தை நெருங்கும்போது ஒலிப்பானைத் தவிர்க்க வேண்டும், தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் மிகக் குறைவாகவே வரும் என்பதால் முன்னரே விசாரித்துக்கொள்ளலாம். இவ்வழியே செல்வோர் இருட்டியபின் ஊர்ச்சாலைகளில் திரும்பாமல், படாளம் கூட்ரோடு வழியாகத் தேசிய நெடுஞ்சாலையை அடைந்து, செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சி சேர்வது நலம்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எனில் வேடந்தாங்கலில் காண்பதற்கு அதிகம் இராது. அப்போது சாலவாக்கம் வழியாகத் திருமுக்கூடல் செல்ல வேண்டும். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் உள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று, அங்கு இயங்கிய வேதக் கல்விச்சாலையையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும், அதாவது மருத்துவமனையையும், விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதர் ஆகியோருக்கான ஊதியமும் இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உள்ளன. இப்பகுதியில் கல்குவாரிகள் மிகுதி; டிப்பர் லாரிகள் குறுகிய சாலையில் விரைந்து வருவதால், அவற்றை முந்த முயலாமல் ஓரம் கட்டி வழிவிட வேண்டும், தூசியைத் தடுக்க முகக்கவசமும் தேவை. ஆற்றைக் கடந்தால் பழைய சீவரம். அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிக்கு ஒரு மணிநேரத்துக்கும் குறைவான பயணமே. மாட்டுப் பொங்கலன்று வரதர் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பழைய சீவரம் மலைக்கும் பின்னர் திருமுக்கூடலுக்கும் எழுந்தருளுவதால் அந்த ஒரு நாள் மட்டும் இச்சாலையில் நெரிசல் மிகும்.

வைகாசிப் பிரமோற்சவத்தின் கருடசேவை நாளில் பயணத்தைத் திட்டமிடுவோர், சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்கள் வாகனங்களுக்கு அடைக்கப்படுவதைக் கருத்திற்கொண்டு, வண்டியை முதல்நாள் இரவே ஓரிக்கை அல்லது செவிலிமேட்டுப் பக்கம் நிறுத்திவைத்துக் காலையில் அங்கிருந்து புறப்பட வேண்டும்.